தெரிந்த அளவுக்கு மட்டும்: என் பேத்தியின் பொறுப்பு வழக்கு

என் பேத்தி யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்ற வழக்கில் தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடுவும் கடந்துவிட்டதால், அதைப் பற்றி எழுத என் மகளும் அவளுடைய வழக்கறிஞரும் சம்மதித்திருக்கிறார்கள். அதையொட்டி எழுந்த குற்ற வழக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்வேன். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஆகவே ஊர்ப்பெயர்களையும் வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டவை சட்டமும் அது எங்களிடம் நடந்துகொண்ட விதமும்தான்.

வழக்கு நடந்த செய்தி உறவுக்குள் பரவிய பிறகு, திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் சில பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினார்கள். அடி வாங்கியதைச் சொல்வதில் அவர்களுக்கு அதிகத் தயக்கம் இருப்பதில்லை. குழந்தையைப் பற்றிய சந்தேகத்துக்கு வரும்போதுதான் பேச்சு தடுமாறுகிறது. “கண்ணால் பார்க்கவில்லை, பிள்ளையும் முழுதாகச் சொல்லவில்லை, இதைக் கோர்ட்டில் எப்படிச் சொல்வது?” என்பதுதான் ஏறக்குறைய எல்லோருடைய கேள்வியும். தெரிந்த அளவுக்குச் சொல்லலாம், அந்த அளவைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது என் பதில். அந்த அளவைக் குறைக்கச் சொல்லும் உறவினர்களும், கூட்டச் சொல்லும் ஆலோசகர்களும்தான் நம்மைச் சுற்றி அதிகம்.

என் மகளை என் உடன்பிறந்த தம்பியின் மகனுக்குக் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் இது புதுமையல்ல. தாய்மாமன் வீட்டுக்குப் போகும் பெண் கண்முன்னே இருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் சொந்தத்தில் கொடுத்த பெண் அடி வாங்கினால், அவளுக்காகப் பேச வேண்டியவர்களும் அடித்தவனுக்காகப் பேச வேண்டியவர்களும் ஒரே ஆட்களாகிவிடுகிறார்கள். என் தம்பி அவளுக்கு மாமனார் மட்டுமல்ல, அவளுடைய காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமனும் அவன்தான். முதன்முறை கை நீட்டப்பட்டபோது அவள் அவனிடம்தான் போய்ச் சொன்னாள். மகனைக் கண்டித்துவிட்டதாகச் சொன்னான்; கண்டித்திருக்கவும் கூடும். அடி நிற்கவில்லை.

பக்கத்து மாவட்டத்தில் இருந்த அந்த வீட்டிலிருந்து அவள் ஓர் இரவில் வெளியேற்றப்பட்டபோது, குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் மதுரைக்கு வந்ததும் அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் போனோம். அங்கே விபத்துப் பதிவேட்டில் காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டு எழுதுவார்கள். தெரிந்த நபர், இன்ன இடத்தில், கையால் தாக்கியதாகச் சொன்னதை அப்படியே எழுதினார்கள். இந்த ஒற்றை வரியின் மதிப்பு பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கணவன் வீட்டார் அவளை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, கூடவே மாமியார் நின்றுகொண்டிருந்ததால், குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவள் சொல்லியிருந்தாள். அந்தச் சீட்டு எதிர்த்தரப்பின் ஆவணங்களில் முதலாவதாக வந்து நின்றது. வெட்கத்தினாலும் பயத்தினாலும் நம் பெண்கள் மருத்துவரிடம் சொல்லும் இத்தகைய பொய்கள், அடித்தவனுக்கு அவர்களே எழுதிக்கொடுக்கும் சான்றிதழாக மாறிவிடுகின்றன.

அடுத்து நாங்கள் போன மகளிர் காவல் நிலையத்தைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மனுவை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்குச் சான்றாக சி.எஸ்.ஆர். என்ற ரசீதைக் கொடுத்தார்கள், இரு தரப்பையும் அழைத்து உட்கார வைத்தார்கள், சொந்தத்துக்குள் நடந்ததைப் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தையை அனுப்பச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை, அதற்கு நீதிமன்றம் போங்கள் என்றார்கள். அந்தக் கடைசிச் செய்தி மட்டும் சரியானது.

இதற்கிடையில் உறவினர்கள் தங்களுடைய சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆண்பிள்ளை என்றால் அப்பனுக்கு, பெண்பிள்ளை என்றால் ஆத்தாளுக்கு என்றார் ஒருவர். ஐந்து வயது தாண்டிவிட்டால் எந்தப் பிள்ளையும் அப்பனுக்குத்தான் என்றார் இன்னொருவர். இரண்டும் சட்டம் அல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஐந்து வயது நிறைவடையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஐந்துக்குப் பிறகு தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே பிரிவில் தந்தையும் அவருக்குப் பின் தாயும் இயற்கைப் பாதுகாவலர் என்று இருப்பதை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் ஓயாமல் படித்தது. தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவர் குழந்தையின் பொறுப்பை ஏற்காத நிலையில், தாய் பாதுகாவலராக இருக்கலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக 13-ஆம் பிரிவு இருக்கிறது: குழந்தையின் நலனே முதன்மையானது. பெற்றோரின் உரிமையை அளந்து கொடுக்கும் பங்குப் பிரிப்பு அல்ல இந்த வழக்கு என்பதை என் தம்பிக்குப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

பேத்தி திரும்பி வந்தது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் வழியாகத்தான். பலர் இதை அடி உதைக்கான சட்டம் என்று மட்டும் நினைத்து, குழந்தைக்காக வேறு வழி தேடுகிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போனால், நடந்தவற்றைக் கேட்டு நிகழ்வு அறிக்கை ஒன்றைத் தயாரித்து நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். 12-ஆம் பிரிவின் கீழ் போடும் மனுவிலேயே, 21-ஆம் பிரிவின்படி குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம்; விசாரணையின் எந்தக் கட்டத்திலும் நடுவர் அதை வழங்கலாம். அவசரமானால் 23-ஆம் பிரிவின்படி மறுதரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே இந்த மனுவைப் போட 27-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அடித்தவனுடைய ஊருக்குப் பேருந்து ஏறிப்போய் நிற்க வேண்டியதில்லை என்பது, அந்த ஊரில் அவனுடைய ஆட்கள் நீதிமன்ற வாசலில் நிற்பார்கள் என்று தெரிந்த பெண்ணுக்குப் பெரிய விஷயம்.

சட்டத்தில் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் என்றும், முடிவு 60 நாட்களுக்குள் வர முயல வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படி நடக்கும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். வாய்தா வாய்தாவாகத்தான் நகரும். எனினும் இடைக்கால உத்தரவை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் உறுதியாக இருந்தார். அவரை நாங்கள் பணம் கொடுத்து அமர்த்தவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். இலவசமாக வரும் வழக்கறிஞர் சிரத்தையாக இருக்கமாட்டார் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தவர் இளம்பெண். கோப்பை வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துவிட்டு வருபவர். ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையில், ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடுவது விரைவான வழியாயிற்றே என்று நான் கேட்டதற்கு, குழந்தை விஷயத்தில் அந்த மனுவும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது, ஆனால் இங்கே சாட்சியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லி நடுவர் நீதிமன்றத்தையே தேர்ந்தெடுத்தார். உத்தரவு கிடைத்து, பாதுகாப்பு அலுவலரும் காவலர்களும் உடன் வர, குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

சந்தேகம் அதற்குப் பிறகுதான் வந்தது. எதிர்த்தரப்பு இந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டது: பொறுப்பு கிடைத்ததும் அதைத் தக்கவைத்துக்கொள்ளக் கதை கட்டினார்கள் என்று. வரிசை அப்படித்தான் இருக்க முடியும் என்பது என் அனுபவம். நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். பயந்திருக்கும் குழந்தை பயத்தின் இடத்திலிருந்துகொண்டே பேசாது என்பதை வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். வந்து சில வாரங்கள் ஆன பிறகு, உறங்கப்போகும் நேரத்தில், கேட்காமலே அவள் தன் தாயிடம் ஒன்றைச் சொன்னாள். அவள் குறிப்பிட்டது தன் தந்தையை அல்ல, அந்த வீட்டில் வந்து தங்கிப் போகும் உறவினர் ஒருவரை. அவள் சொன்ன சொற்களை இங்கே எழுதப்போவதில்லை. அவை முழுமையான வாக்கியங்களாக இல்லை. ஆனால் எந்தத் தாயும் கேட்டுவிட்டு உறங்கக்கூடிய சொற்களாகவும் இல்லை.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிறகு வரும் எல்லாமே இந்தச் சில நிமிடங்களின் மேல்தான் நிற்கிறது. குழந்தையிடம் “அவர் உன்னை இங்கே தொட்டாரா, இப்படிச் செய்தாரா?” என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், ஆமாம் என்ற பதில் குழந்தையினுடையதா கேட்டவருடையதா என்ற கேள்வி கடைசிவரை தீராது. “பிறகு என்ன ஆச்சு?” என்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை, அவள் நிறுத்தினால் நாமும் நிறுத்திவிட வேண்டும். அழுது அரற்றக் கூடாது, ஏனென்றால் சொன்னதால்தான் அம்மா அழுகிறாள் என்று குழந்தை முடிவு செய்து வாயை மூடிக்கொள்ளும். கைபேசியில் படம் பிடிப்பதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது இன்னும் மோசம். அத்தகைய பதிவில் கேட்பது பெரும்பாலும் பெரியவர்களின் குரல்தான். என் மகள் அன்றிரவே ஒரு நோட்டில் தேதியையும் நேரத்தையும் குழந்தையின் சொற்களையும், தான் கேட்டதையும் சேர்த்து எழுதினாள். மறுநாள் காலையில் அவளிடம் எதையும் கேட்காமல் வழக்கம்போல் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினோம்.

இதைக் காவல் துறைக்குச் சொல்லலாமா வேண்டாமா என்பது குடும்பம் கூடி முடிவு செய்யும் விஷயம் அல்ல. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தகவல் தர வேண்டும். நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கு உரிய குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்றும் அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. முழுதாகத் தெரிந்த பிறகு சொல்லுங்கள் என்று சட்டம் கேட்கவில்லை. ஒரு தாய்க்கு முழுதாகத் தெரியாது என்பதை அறிந்தே எழுதப்பட்ட பிரிவு அது என்று நான் நினைக்கிறேன்.

தகவல் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் என் தம்பி வந்தான். குலசாமி கோயிலுக்கு எல்லோரும் போவோம், அந்த ஆள் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும், செய்துவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்றான். அவன் அதை ஏமாற்றாகச் சொல்லவில்லை. அந்தச் சாமி முன்னால் பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது என்று உண்மையாகவே நம்புகிறவன். “சத்தியம் பண்ணிட்டா நீ பிள்ளைய அந்த வீட்டுக்கு அனுப்புவியா அக்கா?” என்று கேட்டான். அனுப்பமாட்டேன் என்றேன். அப்படியானால் சத்தியம் எதற்கு என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. அன்று முதல் எங்கள் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. அது எனக்குச் சிறிய இழப்பு அல்ல.

காவல் துறையில் இந்த முறை வேறு முகத்தைப் பார்த்தோம். சீருடை அணியாத பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, குழந்தையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தாயின் முன்னிலையில் வாக்குமூலம் எழுதினார். போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவும் 26-ஆம் பிரிவும் அப்படித்தான் செய்யச் சொல்கின்றன. எந்த நிலையத்திலாவது குழந்தையை அழைத்து வரச் சொன்னால், இந்தப் பிரிவுகளைச் சொல்லி வீட்டுக்கு வரும்படி கேட்கலாம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போனது. அந்தக் குழு உதவி நபர் ஒருவரை நியமித்தது. மருத்துவமனையில் என்ன நடக்கும், நீதிபதி என்ன கேட்பார் என்பதையெல்லாம் குழந்தைக்கு முன்கூட்டியே எளிமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பெண்தான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆகவும் 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 183-ஆகவும் இருக்கும் பிரிவின்படி நடுவரிடமும் வாக்குமூலம் கொடுத்தாள். பெண் மருத்துவர் செய்த பரிசோதனையில் காயம் எதுவும் இல்லை. காயம் இல்லை என்பதற்கு எதுவும் நடக்கவில்லை என்று பொருளல்ல என்பதை மருத்துவரே எங்களிடம் சொன்னார். காயம் இல்லை என்ற வரியை எதிர்த்தரப்பு கொட்டை எழுத்தில் பயன்படுத்தியது.

இதற்குள் என் தம்பி மகன், குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரி, 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் தன்னுடைய மாவட்டத்தில் மனு போட்டுவிட்டான். நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அதை உயர் நீதிமன்றக் கிளையின் மூலம் மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொண்டோம். அதற்கே பல மாதங்கள் ஆயின. அந்த மனுவுக்கு எதிருரை எழுதும்போதுதான் நான் முன்பு சொன்ன கூட்டுபவர்களைச் சந்தித்தேன். உறவினர் ஒருவர் அனுபவசாலி என்று சொல்லி அழைத்து வந்த மூத்த குமாஸ்தா ஒருவர் வரைவு ஒன்றைத் தயாரித்திருந்தார். அதில் உறவினர் செய்ததாகக் குழந்தை சொன்னது தந்தையே செய்ததாக மாறியிருந்தது; ஒருமுறை என்று சொன்னது பலமுறை என்று ஆகியிருந்தது. சந்தேகம் என்று எழுதினால் நீதிபதி குழந்தையை அனுப்பிவிடுவார், பொறுப்பு வேண்டுமென்றால் தகப்பன் மேல் எழுதித்தான் ஆகவேண்டும் என்றார் அவர்.

என் மகளுக்கு அவன் மேல் இருந்த கோபத்துக்கு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவள் போடவில்லை. நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறையிலும் அது எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்கள் வழக்கறிஞர் விளக்கினார். குழந்தை காவல் துறையிடமும் நடுவரிடமும் சொன்னது எழுத்தில் இருக்கிறது. தாயின் எதிருரை அதிலிருந்து ஓர் இம்மி விலகினாலும், பொய் தாயினுடையதாக மட்டும் நிற்காது, குழந்தையின் உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பொய்ப் புகார் கொடுத்தால் அதற்கும் போக்சோ சட்டத்தின் 22-ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது. அந்தக் குமாஸ்தா சொன்ன அச்சமும் சரியானதல்ல. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தந்தை வந்து பார்ப்பது குழந்தையின் நலனுக்குத் தீங்காக இருக்கக்கூடும் என்று நடுவர் கருதினாலே அதை மறுக்க வேண்டும் என்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று கேட்கவில்லை. தந்தை மீது குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் அவரிடம் குழந்தையை ஒப்படைத்த உத்தரவை, நில் ரத்தன் குண்டு வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குழந்தையின் விருப்பத்தை நீதிபதி கேட்டறிய வேண்டும் என்றும் அதில் சொன்னது. ஒருவரைத் தண்டிக்கத் தேவைப்படும் உறுதி வேறு, ஒரு குழந்தையை எங்கே உறங்கவைப்பது என்று முடிவு செய்யத் தேவைப்படும் உறுதி வேறு.

ஆகவே எதிருரையில் மூன்று செய்திகள்தான் இருந்தன. தாய் அடிக்கப்பட்டதைக் குழந்தை பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் வந்து தங்கும் ஒருவரைப் பற்றிக் குழந்தை இன்ன தேதியில் இதைச் சொன்னாள். அதைத் தந்தைக்குத் தெரிவித்து, அந்த ஆளை வீட்டில் அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டபோது அவர் மறுத்தார். மூன்றாவதற்குச் சான்று வாட்ஸ்அப் செய்திகள். என் மகள் கோபமில்லாமல் எழுதிய இரண்டு வரிகளும், அதற்கு அவன் அனுப்பிய வசவுகளும் மிரட்டல்களும் அப்படியே இருந்தன. திரைப்பிடிப்பை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. முன்பு 65பி என்று வழக்கறிஞர்கள் சொன்னதும், இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இருப்பதுமான சான்றிதழை இணைக்க வேண்டும். அந்தக் கைபேசியை மாற்றாமல், செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. கோபத்தில் எண்ணையே அழித்துவிடும் பெண்களை நான் பார்க்கிறேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவளைப் பலவிதமாகக் கேட்டார். குளியலறைச் சீட்டைக் காட்டினார். குழந்தையின் மனத்தைத் தகப்பனுக்கு எதிராகத் திருப்பியதாகச் சொன்னார். கடைசியாக, “உங்கள் கணவர்தான் இதைச் செய்தார் என்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்படியானால் அவரிடம் குழந்தையை ஒப்படைப்பதில் உங்களுக்கு என்ன தடை?” என்றார். “குழந்தை சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். அவர் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை, என்னைத்தான் திட்டினார். அவள் மறுபடி ஏதாவது சொன்னாலும் அந்த வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை” என்றாள். அந்தப் பதிலை நீதிபதி நிதானமாகச் சொல்லித் தட்டச்சு செய்யவைத்தார். அந்தக் குமாஸ்தாவின் வரைவில் கையெழுத்திட்டிருந்தால் இந்தப் பதிலுக்கு இடமே இருந்திருக்காது.

குழந்தையை நீதிபதி தன் அறையில் தனியாகச் சந்தித்தார். அறிவோடு விருப்பம் சொல்லும் வயதுள்ள குழந்தையின் விருப்பத்தைக் கருதலாம் என்று 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஏழு வயதில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நீதிபதியே பார்த்து முடிவு செய்வார். அன்று காலையில் என்ன சொல்ல வேண்டும் என்று எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி நீதிமன்றம் வரை நடந்தபோது அவள் கேட்டதெல்லாம், ஜட்ஜ் டீச்சர் மாதிரி அடிப்பாரா என்பதுதான். வெளியே வந்து, மீன் தொட்டி வாங்கித் தருவார்களா என்று ஜட்ஜ் கேட்டதாக என்னிடம் சொன்னாள். வேறு என்ன பேசினார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

தீர்ப்பு என் மகளுக்கு நிரந்தரப் பொறுப்பைத் தந்தது. தந்தை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில், நீதிமன்ற வளாகத்தில், ஆலோசகர் ஒருவரின் முன்னிலையில் இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்க்கலாம். அந்த உறவினர் எந்த வகையிலும் குழந்தையை அணுகக் கூடாது. இரவு தங்கவைக்க அனுமதி இல்லை. குற்ற வழக்கு முடிந்த பிறகு இரு தரப்பும் மாற்றம் கோரலாம். பொறுப்பு உத்தரவு எதுவும் கல்லில் வெட்டிய எழுத்தல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றப்படலாம் என்று 1973-இலேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி எனக்கும் என் மகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவன் முகத்தையே குழந்தை பார்க்கக் கூடாது என்பது அவளுடைய எண்ணம். அடி வாங்கிய உடம்பு அவளுடையது, அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. கண்காணிப்போடு பார்ப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம். குழந்தை அவனை வெறுக்கவில்லை, அந்த வீட்டுக்குப் போகத்தான் பயப்படுகிறாள். தம்பி மகன் என்பதால் எனக்கு இரக்கம் என்று உறவில் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆலோசகர் ஒவ்வொரு சந்திப்பையும் பற்றிக் குறிப்பு எழுதுகிறார். சில வாரங்கள் அவன் வருவதே இல்லை. வரும் நாட்களில் பாதி நேரம் அவளிடம் அம்மாவைப் பற்றித்தான் கேட்கிறான். நாங்கள் சொல்லத் தேவையில்லாமல் அதுவும் கோப்பில் ஏறிக்கொண்டிருக்கிறது.

உத்தரவு கிடைத்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும் உத்தரவின் நகலை இரு தரப்புக்கும் காவல் நிலையத்துக்கும் கட்டணமின்றித் தர வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்புக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு படி பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொண்டோம். மாற்றுச் சான்றிதழுக்குத் தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று பழைய பள்ளியில் இழுத்தடித்தார்கள்; தீர்ப்பின் நகலோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மறுப்பதானால் எழுத்தில் மறுக்கும்படி கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். புதிய பள்ளியில் குழந்தையை அழைத்துச்செல்லும் உரிமை உள்ளவர்கள் என்று என் மகளின் பெயரையும் என் பெயரையும் மட்டும் புகைப்படத்தோடு எழுதிக்கொடுத்திருக்கிறோம். பாதுகாப்பு உத்தரவை மீறுவது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுக்கும் உரிய குற்றம் என்பதை அந்த நகலின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்தேன். பள்ளி வாசலில் தகராறு வந்தால் காவலாளியும் தலைமையாசிரியரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா?